மலைநாட்டு மழலையர் நலம்

திருக்குறளை முறையாகப் பாடங்கேட்டோர் ஒரு செய்தியை மறந்திரார். 'மருந்து' என்னும் தொண்ணூற்றைந்தாம் அதிகாரத்தில் மூலிகை ஒன்றின் பெயரேனும் இல்லை. குளிகையோ சூரணமோ அங்கே கூறப்படவில்லை. எதனை உண்பது, எப்பொழுது உண்பது, எவ்வளவு உண்பது என்பனவே அவ்வதிகாரத்தின் பெரும்பகுதி. உணவைப் பற்றி உரைக்க வேண்டியவற்றையெல்லாம் உரைத்து முடித்த பின்னரே வள்ளுவப் பெருந்தகை நோயையும் மருத்துவனையும் எடுத்துக்கொள்கின்றார். உணவு முந்தியது, மருத்துவம் பிந்தியது என்னும் இவ்வொழுங்கினை ஆண்டுதோறும் மாணவர்க்கு எடுத்துரைத்து வருகின்றேன். அதன் முழுப்பொருளையும் எனக்கு விளக்கியவர்கள் லிந்துலைத் தோட்டங்களில் வாழும் என் மாணவச் சிறார்களே என்றால் அது மிகையாகாது.

நம் கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரை வேண்டுமென்று மலர்க் குழுவினர் கேட்டபொழுது, கல்லூரிக் காலத்து நினைவுகளை எழுதலாமோ என்று முதலில் எண்ணினேன். அவற்றை என்னினும் நயமாக எழுத வல்ல நண்பர் பலர் உளர். நம் கல்லூரித் தாய் நமக்கு அறிவை ஊட்டினாள். அவ்வறிவைக் கொண்டு நான் பணியாற்றும் இடத்திலே நாடோறும் காணும் ஒரு குறையை, அதனை நீக்குதற்கு ஆற்றலுடைய அன்பர்கள் முன் வைப்பதே இத்தருணத்திற்கு ஏற்றது எனத் துணிந்தேன்.

தலவாக்கலையிலிருந்து நுவரெலியா நோக்கிச் செல்லும் நெடும்பாதையிலே, 4000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில், தேயிலை மலைகள் சூழ அமைந்தது லிந்துலை. பனியும் தூறலும் விலகாத காலைப்பொழுதில் எம் பாடசாலைப் பிள்ளைகள் உயர வரிசைப்படி அணிவகுத்து நிற்பர். வரிசையின் முன்னே நிற்பவன் முதலாம் வகுப்புப் பாலகன் என்றே புதிதாக வருவோர் எண்ணுவர். பதிவேட்டைப் புரட்டினால் அவன் நான்காம் வகுப்பிற் பயில்வது தெரியவரும். இத்தகையோர் வகுப்புக்கு ஒருவர் இருவர் அல்லர். வாய்பாட்டையும் செய்யுளையும் காலையில் மனனம் செய்யத் தொடங்கும் சிறுவன், பத்து மணியளவில் மேசைமீது தலை சாய்ப்பான். சோம்பல் என்று அதனைக் கடிந்துகொள்வது எளிது. 'இன்று காலையில் நான் உண்டவை' என்று ஒருமுறை ஐந்தாம் வகுப்பாருக்குக் கட்டுரைப் பொருள் கொடுத்தேன். ரொட்டியும் சாயத் தண்ணீரும் என்று பெரும்பாலோர் ஒரே வரியில் எழுதி முடித்தனர். முட்டையைக் குறிப்பிட்டோர் மிகச் சிலர். அச்சிலரும் முந்திய நாட் கோயில் திருவிழாவுக்கு வந்த உறவினர் வாங்கி வந்ததாக எழுதியிருந்தனர்.

மலைநாட்டார் இயல்பாகவே குறுகிய உருவினர், அவர்தம் பிள்ளைகள் சிறுத்திருப்பதில் வியப்பில்லை என்று கூறுவாரும் உளர். கற்றோர் சிலரும் இவ்வாறு கூறக் கேட்டிருக்கின்றேன். அறிவியல் இக்கூற்றை ஏற்கவில்லை. பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்க ஐக்கிய நாடுகள் ஆகிய ஆறு நாடுகளில் நல்லூட்டமும் நற்பராமரிப்பும் பெற்ற குழந்தைகளை அளந்து, 2006ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் வளர்ச்சி அளவைகளை வெளியிட்டது. நாடும் நிறமும் வேறாயினும், வேண்டுவன கிடைக்குமிடத்து முதல் ஐந்தாண்டுகளிற் குழந்தைகள் ஏறத்தாழ ஒரே அளவாகவே வளர்கின்றனர் என்பது அதனால் நிலைநாட்டப்பட்டது. இன்னுமொரு சான்று, உலகின் கூரை எனப்படும் திபெத்திலிருந்து கிடைக்கின்றது. அங்கே 1993, 1994ஆம் ஆண்டுகளில் ஏழு வயதுக்குட்பட்ட 2078 குழந்தைகளை மருத்துவர்கள் அளந்தனர். அவருட் பாதிப்பேருக்கு மேல் வயதுக்கேற்ற உயரம் இல்லாதிருந்தனர். மலையின் உயரமும் மெல்லிய காற்றுமே காரணம் என்று அதுவரை பலர் கருதியிருந்தனர். 2001ஆம் ஆண்டில் வெளிவந்த அவ்வாய்வோ, இளமையிலேயே நேரும் ஊட்டக் குறைவைத்தான் காரணமாகக் காட்டியது. திபெத்தின் உயரத்துக்கே மலைமீது பழி சுமத்த இயலாதெனின், லிந்துலையின் உயரத்துக்கு அதனைச் சுமத்துதல் எங்ஙனம் பொருந்தும்?

இனி, நம் நாட்டுக் கணக்கைக் காண்போம். 2006, 2007ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, இலங்கை முழுவதிலும் ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரம் பெறாதோர் நூற்றுக்கு 17 பேர். தோட்டப்புறத்தில் 40 பேர். 2016ஆம் ஆண்டு ஆய்விலே நாடு முழுவதற்குமான அளவு 17.3 விழுக்காடாகவே நின்றது, தோட்டப்புறத்தில் 31.7 விழுக்காடாக இறங்கியது. நுவரெலியா மாவட்டத்தில் அது 32.4 விழுக்காடு. பத்தாண்டுகளில் நாற்பது முப்பத்திரண்டாகக் குறைந்தமை மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் மூன்று பிள்ளைகளில் ஒரு பிள்ளை தன் வளர்ச்சியை இழந்து நிற்கும் நிலையை நாம் பொறுத்துக்கொள்ளலாகாது.

உயரம் குறைந்தால் என்ன, அறிவு வளர்ந்தாற் போதாதோ என்று மாணவ நண்பர்கள் வினவக்கூடும். உடலின் உயரத்தைத் தடுக்கும் அதே குறை மூளையின் வளர்ச்சியையும் தடுக்கின்றது என்பதே இதற்கு விடை. கருவுற்ற நாள்முதல் குழந்தைக்கு இரண்டு வயது நிறையும்வரை ஏறக்குறைய ஆயிரம் நாட்கள். மூளை மிக விரைவாக வளரும் காலம் அதுவே. அக்காலத்தில் இழந்ததைப் பின்னர் முழுமையாக மீட்டல் அரிது. மத்திய அமெரிக்காவில் உள்ள குவாத்தமாலா நாட்டின் நான்கு சிற்றூர்களில் 1969 முதல் 1977 வரை ஒரு சோதனை நடைபெற்றது. இரண்டு ஊர்ப் பிள்ளைகளுக்குப் புரதம் மிக்க கஞ்சியும், மற்றை இரண்டு ஊர்ப் பிள்ளைகளுக்குப் புரதமில்லாத இனிப்புப் பானமும் அளித்தனர். அப்பிள்ளைகள் வளர்ந்து ஆளான பின்னர் அவர்களைத் தேடிச் சென்று ஆராய்ந்தனர். மூன்று வயதுக்குமுன் கஞ்சி பெற்ற ஆண்கள், மற்றையோரினும் மணிக்கு 46 விழுக்காடு கூடுதலாக ஊதியம் ஈட்டினர் என்று 2008ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஒரு கோப்பைக் கஞ்சி ஒருவனது வாழ்நாளுக்கே முதலாயிற்று! எம்மிடம் ஆறாம் வயதில் வந்து சேரும் பிள்ளையின் ஆயிரம் நாட்களோ எப்பொழுதோ கடந்துவிட்டன. ஆசிரியர் கரும்பலகையில் முதலெழுத்தை எழுதுமுன்னரே அப்பிள்ளையின் பாடத்திற் பாதி முடிந்துவிடுகின்றது.

இந்நிலை எவ்வாறு வந்தது என்பதை அறியச் சிறிது பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும். கோப்பித் தோட்டங்களுக்கென 1872ஆம் ஆண்டிலேயே மருத்துவத் தேவைகள் பற்றிய சட்டம் ஒன்று பிறந்தது. 1912ஆம் ஆண்டில் அது விரிவாக்கப்பட்டது. தோட்டத்தில் வாழும் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகள் தக்க பராமரிப்பும் ஊட்டமும் பெறுமாறு பார்த்துக்கொள்வது தோட்டத் துரையின் கடமை என்று அச்சட்டம் விதித்தது. நூறாண்டுகளுக்கு முன்னரே சட்டத்தில் ஏறிய சொல் 'ஊட்டம்' என்பதை எண்ணுந்தோறும் வியப்பு மேலிடுகின்றது. 1916ஆம் ஆண்டில் அமெரிக்க ரொக்பெல்லர் நிறுவனத்தார் தோட்டங்களிற் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கினர். மருந்துண்டு குணமடைந்தோர், மலசலகூடங்கள் இன்மையாற் சில காலத்தில் மீண்டும் அந்நோய்க்கே ஆளாயினர். மருந்து மாத்திரம் போதாது என்னும் அப்பாடத்தைக் கற்ற பின்னரே, 1926ஆம் ஆண்டில் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு நிறுவப்பட்டது. ஊர்தோறும் மருத்துவ மாது வீடு தேடிச் செல்லும் சிறந்த முறை அங்கிருந்தே நாடெங்கும் பரவியது. அது தோட்டத்து வாயிலுக்கு வந்ததும் தயங்கி நின்றது. தோட்டத்து மக்களின் சுகநலம் துரைமாரின் பொறுப்பு என்று அரசும், அரசின் பொறுப்பு என்று தோட்டமும் எண்ணிய காலம் மிக நீண்டது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் இம்மக்கள் வாக்குரிமையையும் இழந்தமையின் அவர்களுக்காகக் கேட்பாரும் குன்றினர்.

1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டை மலைநாட்டு முதியோர் இன்றும் நடுக்கத்துடன் நினைவுகூர்வர். மாவும் அரிசியும் அருகிப் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. சிசு மரணம் பெரிதும் உயர்ந்தது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தாற் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992ஆம் ஆண்டில் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றபொழுது, தோட்ட மக்களின் வீடமைப்பையும் சமூக நலனையும் கவனிக்க நிதியம் ஒன்றும் அமைக்கப்பட்டது. தடுப்பூசியும் வைத்தியசாலைப் பிரசவமும் பரவின. சிசு மரணம் மிகக் குறைந்தது. இது பெரும் வெற்றி என்பதில் ஐயமில்லை. பிறந்த பிள்ளையைச் சாகாமற் காக்க நாம் கற்றுக்கொண்டோம். பிழைத்த பிள்ளையை வளர்க்க இன்னும் முழுமையாகக் கற்கவில்லை. இன்றைய குறை அதுவே.

அக்குறையின் வேர் தாயின் வேலைநாளில் உள்ளது என்பது என் துணிபு. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் பிற்காலத்தில் திருத்தப்பட்டு, பன்னிரண்டு வார விடுமுறையை வழங்குகின்றது. பிரசவ நாள் வரை இரண்டு வாரம், அதன் பின்னர்ப் பத்து வாரம். மூன்றாம் பிள்ளைக்கும் அதற்கு மேலும் பாதியாகக் குறைக்கப்பட்டிருந்த விடுமுறை 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் முழுமையாயிற்று. மருத்துவரோ ஆறு மாதம் வரை தாய்ப்பாலன்றி வேறொன்றும் கொடுக்கலாகாது என்கின்றனர். ஆறு மாதம் என்பது இருபத்தாறு வாரம். பத்தாம் வாரத்திலே தாய் கூடையைத் தலையில் மாட்டி மலையேறுகின்றாள். எஞ்சிய பதினாறு வாரமும் குழந்தை யாரிடம் பால் கேட்கும்?

சட்டம் இதனையும் எண்ணாமலில்லை. பிள்ளைக்காம்பரா உள்ள இடத்தில் நாளொன்றுக்கு அரைமணி நேரமாக இருமுறையும், இல்லாத இடத்தில் ஒரு மணி நேரமாக இருமுறையும் பாலூட்ட விடவேண்டும் என்கின்றது. ஏட்டில் இது போதுமானதாகவே தோன்றும். மாணவர் ஒருவரின் தாயாரிடம் இது பற்றி வினவினேன். "மேமலையில இருந்து காம்பராவுக்கு எறங்கி ஏறவே அந்த நேரம் சரியாப் போயிருது, சேர். கொழுந்து கொறைஞ்சா அரைப் பேருதான் போடுவாங்க" என்றார். அரைப் பேர் என்றால் அரைநாட் கூலி. 2021ஆம் ஆண்டில் 1000 ரூபாவாகவும் 2024ஆம் ஆண்டில் 1350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலியிலே பாதியை இழப்பதா, பிள்ளைக்குப் பாலூட்டாது விடுவதா என்னும் இக்கேள்வியை எந்தத் தாயின் முன்னும் வைக்கலாகாது. அறியாமையால் இவர்கள் பிள்ளைகளைப் பேணுவதில்லை என்று குறை கூறுவோர் ஒருநாள் அவ்வம்மையாருடன் மேமலை ஏறி இறங்கிப் பார்ப்பாராக.

உணவின் நிலைமையும் இத்தகையதே. விடியற்காலை வேலைக்குப் புறப்படும் குடும்பத்துக்குக் கோதுமை மா ரொட்டியே விரைவில் ஆவது, வயிற்றையும் நிறைப்பது. அதனோடு அருந்தும் சாயத் தண்ணீரில் உள்ள துவர்ப்புச் சத்து, கீரையிலும் பருப்பிலும் உள்ள சிறிதளவு இரும்புச் சத்தையும் உடலிற் சேரவிடாது தடுக்கின்றது. ஆதலால் தாய்மார் பலர் சோகை மிக்கவராய்க் கருவுறுகின்றனர்; நிறை குறைந்த பிள்ளைகளைப் பெறுகின்றனர். தேயிலை தந்த கை சோகையால் வெளுத்திருப்பது எத்துணைக் கொடுமை! லிந்துலையைச் சுற்றிலும் உணவுக்குப் பஞ்சமில்லை என்பது இதனினும் கொடுமை. அம்பேவளைப் பாற்பண்ணை இங்கிருந்து நெடுந்தொலைவில் இல்லை. லயத்துக்குப் பின்னே மாடு வளர்ப்போர் காலையிற் கறந்த பாலைச் சேகரிப்பு நிலையத்துக்கு விற்றுவிட்டுப் பிள்ளைக்குச் சாயத் தண்ணீர் கொடுக்கின்றனர். கடன் அடைக்கப் பணம் வேண்டுமன்றோ? கரட்டும் லீக்சும் கோவாவும் ஏற்றிய லொறிகள் இரவெல்லாம் கொழும்புக்கும் தம்புள்ளைக்கும் இறங்குகின்றன. விளைவித்த ஊரின் அடுப்பிலே அவை வேகுவது குறைவு.

நடைபெற்ற நற்பணிகளை மறைத்தல் நன்றியறிதல் ஆகாது. 1973ஆம் ஆண்டிலே தொடங்கப்பட்ட திரிபோஷா, சோளமும் சோயா அவரையும் சேர்த்து ஆக்கிய சத்துமா. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் நிறை குறைந்த பிள்ளைகளுக்கும் கிளினிக்குகளில் அது இலவசமாகக் கொடுக்கப்படுகின்றது. ஆனால் ஒரு பிள்ளைக்கென்று வீட்டுக்கு வரும் பொதியைக் கேட்டு நான்கு பிள்ளைகள் கைநீட்டும் பொழுது, தாய் பகிர்ந்தே கொடுப்பாள். கணக்கில் ஒருவருக்கு உரியது நால்வர்க்கு ஆகும். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிற் சோளம் கிடையாமல் அதன் உற்பத்தியும் தடைப்பட்டது. 2015ஆம் ஆண்டில் கர்ப்பிணித் தாய்மாருக்கு மாதம் 2000 ரூபா பெறுமதியான உணவுப் பொருட்களைப் பத்து மாதம் வழங்கும் திட்டம் வந்தது. 2024ஆம் ஆண்டில் ஆரம்ப வகுப்பு மாணவர் அனைவர்க்கும் பாடசாலை உணவு விரிவாக்கப்பட்டது. உணவு வந்த நாளில் வகுப்பறையில் தெளிவு உண்டாவதை என் கண்ணாரக் கண்டுள்ளேன். எனினும் பாடசாலை உணவு ஆறாம் வயதின் பசியைத் தணிக்குமேயன்றி, ஆயிரம் நாட்களின் இழப்பை ஈடு செய்யாது.

நம் மொழி வழங்கும் தமிழ்நாட்டில் இதற்கு நல்லதொரு முன்மாதிரி உண்டு. காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில் பாடசாலை மதிய உணவு பரவியதை யாவரும் அறிவர். அதனோடு நில்லாது, 1980ஆம் ஆண்டில் உலக வங்கியின் கடனுதவியுடன் ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் ஒன்று அங்கே தொடங்கப்பட்டது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை அவ்வூர்ப் பெண் ஒருத்தியே மாதந்தோறும் நிறுத்தாள். நிறை ஏறாத பிள்ளைக்கு மாத்திரம் மூன்று மாத காலம் சத்துருண்டை கொடுக்கப்பட்டது. நிறை ஏறியதும் நிறுத்தப்பட்டது. பிள்ளை மெலிந்து எலும்பும் தோலுமாகும்வரை காத்திராது, வளர்ச்சி தயங்கும் முதல் மாதத்திலேயே கைகொடுப்பது அதன் நுட்பம். கடும் ஊட்டக் குறைவு அதனாற் குறைந்தது. அதற்கு வேண்டியவை ஒரு தராசும், ஒரு கொப்பியும், தாய்மாரின் மொழியிற் பேசும் ஒரு பெண்ணுமே.

தராசு இங்கும் உண்டு, கொப்பியும் உண்டு. ஒவ்வொரு தாயிடமும் உள்ள கிளினிக் கொப்பியில் நிறக் கோடுகளுக்கிடையே பிள்ளையின் நிறை குறிக்கப்படுகின்றது. கோடு தாழ்ந்தால் அதன் பொருளைத் தமிழில் எடுத்துச் சொல்லும் மருத்துவ மாதரே போதாமல் இருக்கின்றனர். அப்பயிற்சிக்கு உயர்தரத்தில் விஞ்ஞானம் கற்றோரையே பெரும்பாலும் நாடுகின்றனர். உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ள தமிழ்ப் பாடசாலைகளோ மலைநாட்டில் மிகச் சில. ஆகவே ஒரு பாடசாலையில் ஆய்வுகூடம் இல்லாத குறை, பத்தாண்டுகளின் பின்னர் ஒரு லயத்தில் நிறை குறைந்த குழந்தையாகத் தோன்றுகின்றது. கல்வியையும் சுகாதாரத்தையும் இரு வேறு துறைகளாகக் கருதுவோர் இத்தொடர்பை உற்று நோக்குதல் வேண்டும்.

பழைய மாணவ அன்பர்களே! உங்களுட் பலர் மருத்துவராயும் சட்ட அறிஞராயும் வணிகராயும் தோட்ட நிர்வாகத்திற் பங்குடையோராயும் விளங்குகின்றீர்கள். நாம் ஒன்றுகூடி விழா எடுக்கும் இவ்வாண்டில் மூன்று வேண்டுகோள்களை உங்கள் முன் வைக்கின்றேன். ஒருநாட் பாற்பொடி விநியோகமும் படம் பிடித்தலும் போதும் என்று அமையற்க; மலைநாட்டுப் பெண்பிள்ளைகள் சிலரை உயர்தர விஞ்ஞானம் கற்பித்து மருத்துவ மாதராயும் தாதியராயும் ஆக்கும் நிலையான நிதி ஒன்றைச் சங்கத்தின் பெயரால் நிறுவுக. தோட்ட நிர்வாகத்தோடு தொடர்புடையோர், பாலூட்டும் தாயைப் பிள்ளைக்காம்பராவுக்கு அண்மையிலுள்ள மலையில் வேலைக்கு விடுமாறும், அவளது பாலூட்டும் நேரத்தைக் கொழுந்துக் கணக்கினின்று கழித்துக்கொள்ளுமாறும் வற்புறுத்துக; இதற்குப் புதிய சட்டம் வேண்டா, மனம் ஒன்றே வேண்டும். மருத்துவ அன்பர்கள் மாதம் ஒருநாளேனும் தோட்டத்துக் கிளினிக்கில் அமர்ந்து தாய்மாரோடு தமிழில் உரையாடுக.

இளைய மாணவர்களுக்கும் ஒரு சொல். நாளை உங்களுள் ஆசிரியராய் இம்மலைகளுக்கு வருவோர் உளராவர். வகுப்பிலே தூங்கும் பிள்ளையைக் காணின், பிரம்பை எடுக்குமுன் 'காலையில் என்ன உண்டாய்?' என்று கேளுங்கள். அக்கேள்வியினின்றே உங்கள் கற்பித்தல் தொடங்கட்டும்.

மணிமேகலை கையிலேந்திய அமுதசுரபியும் வெறும் பாத்திரமாகவே இருந்தது. ஆதிரை நல்லாள் முதற் பிச்சை இட்ட பின்னரே அள்ள அள்ளக் குறையாது சுரந்தது என்று காப்பியம் கூறுகின்றது. மலைநாட்டு மழலையர்க்காக ஏந்திய பாத்திரம் இதோ நம் முன் உள்ளது. முதற் பிச்சையை நம் கல்லூரி மக்கள் இடுவாராக.